எழுத்தைச் சுருக்காதீர்கள், பக்கத்தைத் திருப்புங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கியவர் வீட்டுக்கு முதலில் வரும் வேலை எது தெரியுமா? கடிதம் அல்ல, பட்டியல். சுய உதவிக் குழுவின் சேமிப்புக் கணக்கு, கோயில் திருவிழா வசூல், பள்ளி மதிப்பெண் பட்டியல் என்று யாராவது ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்பார். நீங்களும் உற்சாகமாக டைப் செய்வீர்கள். பத்துப் பதினைந்து காலம் வந்ததும் டேபிள் பக்கத்தைத் தாண்டி ஓடும். உடனே என்ன செய்வீர்கள்? எழுத்தின் அளவைக் குறைப்பீர்கள். 12 பாயிண்ட் 9 ஆகும், 9 என்பது 6 ஆகும். டேபிள் பக்கத்துக்குள் வந்துவிடும். வேலை முடிந்தது என்று பிரிண்ட் கொடுத்துவிடுவீர்கள்.

வேலை முடியவில்லை, அங்கேதான் கெட்டது என்பது என் கருத்து. நானே அப்படி ஒரு வேலையைக் கெடுத்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத் பக்கம் இருக்கிறது தென்னேரி. திரையன் ஏரி என்ற பழைய பெயர்தான் தென்னேரி ஆனது என்பார்கள். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. அதன் பாசனத்தில் நெல் விளைகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பெருமழையில் பயிர் மூழ்கியபோது, விவசாயிகள் சிலர் சேர்ந்து மனுவோடு கொடுப்பதற்காக ஒரு பட்டியல் தயார் செய்தார்கள். டைப் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

வரிசை எண், பெயர், தந்தை பெயர், ஊர், பட்டா எண், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், நட்ட தேதி, சேதமான பரப்பு, வங்கிக் கணக்கு எண், செல் எண், கையெழுத்து. மொத்தம் 14 காலம். ஏ4 தாளை நெட்டுவாக்கில் வைத்து, எழுத்தை 6 பாயிண்ட்டுக்குக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் திணித்துவிட்டேன். ஒரு காலம்கூட வெளியே போகவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

கையெழுத்துப் போட வந்த பெரியவர் ஒருவர் தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார். எட்ட வைத்துப் பார்த்தார். "தம்பி, இதுல எம்பேரு எங்கப்பா இருக்கு? கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. நீ பாத்து சரின்னு சொன்னா சரி, நான் போட்டுடறேன்" என்றார். நான் சரி என்றேன், அவரும் போட்டார். அவருடைய சர்வே எண் 136. நான் அடித்திருந்தது 186. பிறகு சரிபார்த்தபோது அவருடைய வரி மட்டும் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அதைச் சரிசெய்ய அவர் எத்தனை முறை பஸ் ஏறினார் என்பது எனக்குத்தான் தெரியும்.

தவறாக அடித்தது என் கைப்பிழை. அது யாருக்கும் வரும். ஆனால் தன் நிலத்தின் எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தார். அவரால் படிக்க முடிந்திருந்தால் அந்த நிமிடமே பிழையைப் பிடித்திருப்பார். அவரைப் படிக்கவிடாமல் செய்தது நான் தேர்ந்தெடுத்த 6 பாயிண்ட். பட்டியல் என்பது அதில் பெயர் உள்ளவர் சரிபார்ப்பதற்காக. அவரால் படிக்க முடியாவிட்டால் அது எவ்வளவு அழகாக இருந்தும் பயன் இல்லை.

தமிழுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். 72 பாயிண்ட் சேர்ந்தது ஓர் அங்குலம். அப்படியென்றால் 6 பாயிண்ட் என்பது 2 மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். அந்த உயரத்துக்குள் எழுத்தும் வரவேண்டும், மேலே புள்ளியும் வரவேண்டும், கொம்பும் சுழியும் வரவேண்டும். பிரிண்டரில் எப்படியோ தெரியும் புள்ளி, ஒரு முறை ஜெராக்ஸ் எடுத்தால் காணாமல் போகும். 'கி' எது, 'கீ' எது என்று தெரியாது. எண்களில் 3, 6, 8 மூன்றும் ஒரே மாதிரி ஆகிவிடும். என்னைக் கேட்டால், பெரியவர்கள் படிக்கும் தமிழ்ப் பட்டியலில் எழுத்து 10 பாயிண்ட்டுக்குக் கீழே போகக்கூடாது.

பிறகு டேபிளை எப்படி அடக்குவது? மூன்று வழிகளை இந்த வரிசையிலேயே செய்து பாருங்கள்.

முதல் வழிக்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை. தேவையற்ற காலங்களை எடுத்துவிடுங்கள். என் பட்டியலில் எல்லோரும் ஒரே ஊர், எல்லோருக்கும் ஒரே பயிர். இரண்டையும் தலைப்பில் ஒரு வரியாகப் போட்டிருக்கலாம். சர்வே எண்ணையும் உட்பிரிவையும் 136/2 என்று ஒன்றாக எழுதுவதுதான் வழக்கம். செல் எண்ணைத் தனித்தாளில் வைத்துக்கொள்ளலாம். 14 காலம் 10 ஆகியிருக்கும்.

இரண்டாவது, பக்கத்தைத் திருப்புவது. ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் உயரம். இருபுறமும் ஓர் அங்குலம் மார்ஜின் விட்டால் நெட்டுவாக்கில் கிடைப்பது சுமார் 159 மில்லிமீட்டர். குறுக்குவாக்கில், அதாவது லேண்ட்ஸ்கேப்பில், 246 மில்லிமீட்டர். ஒன்றரை மடங்குக்கும் மேல்! 14 காலத்தை நெட்டுவாக்கில் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 11 மில்லிமீட்டர்தான் வரும். கைநாட்டு வைக்க அந்த இடம் போதுமா? 10 காலமாக்கிக் குறுக்குவாக்கில் வைத்தால் ஒவ்வொன்றும் 24 மில்லிமீட்டருக்கு மேல் வரும்.

பக்கத்தைத் திருப்பினால் முன்னால் உள்ள மனுவும் திரும்பிவிடுமே என்று பலர் பயப்படுகிறார்கள். வேர்டில் அந்தப் பயம் வேண்டாம். டேபிளை மட்டும் செலக்ட் செய்யுங்கள். லேஅவுட் மெனுவில் பேஜ் செட்டப் பகுதியின் மூலையில் உள்ள சிறு அம்புக்குறியைக் கிளிக் செய்யுங்கள். வரும் கட்டத்தில் லேண்ட்ஸ்கேப் என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழே 'அப்ளை டு' என்ற இடத்தில் 'செலக்டட் டெக்ஸ்ட்' என்று கொடுங்கள். டேபிளுக்கு முன்னும் பின்னும் செக்‌ஷன் பிரேக்கை வேர்டே போட்டுக்கொள்ளும். டேபிள் உள்ள பக்கம் மட்டும் திரும்பும். பிறகு டேபிளில் கர்சரை வைத்து 'ஆட்டோஃபிட் விண்டோ' கொடுத்தால் கிடைத்த அகலம் முழுவதும் டேபிள் விரியும். முதல் வரிசைக்கு 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' கொடுக்க மறக்காதீர்கள். அடுத்த பக்கத்திலும் தலைப்பு வரும்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில், இன்சர்ட் மெனுவில் மேனுவல் பிரேக் எடுத்து, பேஜ் பிரேக்கோடு 'லேண்ட்ஸ்கேப்' என்ற பேஜ் ஸ்டைலைத் தேர்ந்தெடுங்கள். டேபிள் முடிந்ததும் இன்னொரு பிரேக் போட்டுப் பழைய ஸ்டைலுக்குத் திரும்பிவிடுங்கள்.

எக்ஸெலில்தான் ஆபத்து அதிகம். 'ஃபிட் ஆல் காலம்ஸ் ஆன் ஒன் பேஜ்' என்று ஒரு வசதி உண்டு. அதைக் கொடுத்தால் எல்லாக் காலமும் ஒரே பக்கத்துக்கு வந்துவிடும். எழுத்து எவ்வளவு சிறிதாகிறது என்று அது உங்களைக் கேட்காது. 10 சதவீதம் வரைகூடச் சுருக்க எக்ஸெல் இடம் கொடுக்கும். 12 பாயிண்ட் எழுத்து 50 சதவீதமானால் 6 பாயிண்ட்தானே? எனவே முதலில் லேண்ட்ஸ்கேப் கொடுங்கள், பிறகு பேஜ் செட்டப்பில் ஸ்கேலிங் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

அப்படியும் அடங்கவில்லையா? மூன்றாவது வழி, இரண்டு பக்கமாகப் பிரிப்பது. எக்ஸெலில் 'பிரிண்ட் டைட்டில்ஸ்' பகுதியில் வரிசை எண்ணும் பெயரும் உள்ள காலங்களை இடப்பக்கம் திரும்ப வரும்படி கொடுத்துவிட்டால், இரண்டாம் தாளிலும் யாருடைய வரி எது என்று தெரியும். இது புதிய யோசனை அல்ல. கிராமக் கணக்கு எண் 2 எனப்படும் அடங்கல் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எத்தனையோ காலங்கள் உண்டு. அதற்காக எழுத்தைக் கடுகாக்கவில்லை, பதிவேட்டை அகலமாக்கினார்கள்.

சுருக்கும் பழக்கம் நமக்கு டிடிபி சென்டர்களிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அங்கே நீண்ட காலம் ஆட்சி செய்தது பேஜ்மேக்கர். 2001-ல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. அதில் ஒரு ஃபைல் முழுவதும் 'டால்' அல்லது 'வைட்', இரண்டில் ஒன்றுதான். நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் திருப்ப முடியாது. டேபிளையே 90 டிகிரி சுழற்ற வேண்டும் அல்லது தனி ஃபைல் போடவேண்டும். அவசர வேலையில் யார் அதைச் செய்வார்கள்? சுருக்கினார்கள். அன்று அதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்றைய சாஃப்ட்வேரில் அந்தக் காரணம் இல்லை.

திருப்பிய பக்கத்தை ஃபைலில் வைத்தால் கழுத்தைச் சாய்த்துப் படிக்க வேண்டுமே என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். உண்மைதான். ஆனால் தாளைக் கையால் திருப்பிக்கொள்ளலாம், தெரியாத எழுத்தை என்ன செய்தாலும் படிக்க முடியாது. டேபிளின் தலைப்பு, ஃபைலின் துளை இருக்கும் பக்கமாக அமையட்டும். அதற்காக மேல் மார்ஜினைக் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். தாள் அதிகம் செலவாகும் என்பது இன்னோர் ஆட்சேபம். ஒன்றிரண்டு தாள் கூடும். திருத்திய பட்டியலோடு மீண்டும் பஸ் ஏறும் செலவைவிட அது குறைவுதான்.

அடுத்த முறை யாராவது நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். முதல் தாளைப் பிரிண்ட் எடுத்து, அதை ஒரு முறை ஜெராக்ஸ் எடுத்து, வீட்டில் இருக்கும் வயதானவரிடம் கொடுங்கள். ஏதாவது ஒரு வரியைப் படிக்கச் சொல்லுங்கள். தடங்கல் இல்லாமல் படித்தால் மீதியைப் பிரிண்ட் கொடுக்கலாம். "நீயே பாத்து சொல்லுப்பா" என்றால் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்காருங்கள்.