நன்னியின் சஹன் யாருக்குச் சொந்தம்?

பொன்னேரி முதல் கும்மிடிப்பூண்டி வரை, சிப்காட் தொழிற்பேட்டையை நம்பி வந்து குடியேறிய நம் குடும்பங்களின் வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். கண்ணாடி மேசையும் நெகிழிப் பூச்சாடியும் இருந்த முன்னறையில் இப்போது பித்தளைக் கிண்டி வந்து அமர்ந்திருக்கிறது. சுவரில் முறம் தொங்குகிறது. மூலையில் கிடக்கும் திருகைக்கல்லின் மேல் வட்டக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, அதைச் சிறு மேசையாக்கி, கைப்பேசியை வைத்திருக்கிறார்கள். ‘பாட்டி வீட்டுப் பாணி’ என்று இதற்குப் பெயர். பழமையில் சற்றே புதுமை கலந்தது என்று விற்பவர்கள் விளக்கம் தருகிறார்கள்.

இதில் தவறிருப்பதாக நாம் கருதவில்லை. அல்லாஹ் தன் அடியார்களுக்கு அளித்த அழகைத் தடை செய்தவர் யார் என்று அல்அஃராஃப் அத்தியாயம் வினவுகிறது. அதற்கு முந்தைய வசனமே வீண்விரயம் கூடாது என்றும் எச்சரிக்கிறது. இரவுப் பணி முடித்து, இயந்திர இரைச்சல் காதில் ஓயாத நிலையில் வீடு திரும்புகிறவருக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஓர் அறை இருப்பது நல்லதே. ஊரை விட்டு வந்த பிள்ளைகளுக்கு நன்னியின் நினைவு ஆறுதலும் தரும். (நன்னி, உம்மும்மா, வாப்பும்மா என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும்; மடி ஒன்றுதான்.) நம் கவலை வேறு. நன்னி வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளோடும் யாரோ ஒருவருடைய ஹக்கும் சேர்ந்தே இருந்தது. பொருள் நம் முன்னறைக்கு வரும்போது அந்த ஹக் எங்கே போகிறது?

சஹனையே எடுத்துக்கொள்வோம். நான்கைந்து பேர் சுற்றி அமர்ந்து ஒன்றாக உண்ணும் அந்த அகன்ற தட்டு, நன்னி வஃபாத்தாகித் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைந்த பின், பரணிலிருந்து இறங்குகிறது. பேத்தி ஒருத்தி கிண்டியை எடுத்துக்கொள்கிறாள். பேரன் சஹனைக் காரில் ஏற்றுகிறான். யாரும் யாரையும் கேட்பதில்லை, யாரும் மறுப்பதுமில்லை. பழைய பித்தளைதானே! மறுவாரம் அது சுவரில் ஏறிவிடுகிறது. நம்மில் எத்தனை குடும்பங்களில் இப்படி நடந்திருக்கிறது என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் பெற்றோரும் நெருங்கிய உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்குண்டு என்று கூறும் அந்நிஸா அத்தியாயத்தின் ஏழாம் வசனம், அச்சொத்து குறைவாக இருந்தாலும் சரி, அதிகமாக இருந்தாலும் சரி என்று சேர்த்தே கூறுகிறது. நிலத்தையும் வீட்டையும் வக்கீல் வைத்துப் பிரிக்கிற நாம், சமையலறைப் பாத்திரங்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதேயில்லை. அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியது அனைத்தும், ஒரு கரண்டி உட்பட, வாரிசுகளின் சொத்தாகும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நன்னியின் மகன் ஒருவர் உயிரோடு இருக்கும்போது பேரப்பிள்ளைகளுக்கு வாரிசுரிமையே இல்லை. ஆக, சஹனைக் காரில் ஏற்றிய பேரனுக்கு அதில் ஒரு விரல் அகலம்கூடச் சொந்தமில்லை. அது அவனுடைய மாமாமாருக்கும் பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் உரியது. அவர்கள் மனமுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். வாரிசுகளில் பருவமடையாத அநாதைப் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க எவருக்கும் அதிகாரமில்லை.

இவ்வளவு சிறிய பொருளுக்கு இத்தனை சட்டமா என்று கேட்பவர்கள், அதே அளவுள்ள சஹனைக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலை கேட்டுப் பார்க்கட்டும். வீட்டிலிருந்து தூக்கிவரும்போது மட்டும் அது பழைய பித்தளை. கடைக்குப் போனால் அரும்பொருள். பெரியம்மா அன்றைக்குப் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று கொள்ளவும் முடியாது. தன் தாய் சோறு போட்ட தட்டு தங்கை மகன் வீட்டுச் சுவரில் தொங்குவதைக் கண்டு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மனத்துக்குள் குமைந்தவர்களை நாம் அறிவோம். வருத்தம் பித்தளைக்காக அன்று. தம்மை மகளாக எண்ணவில்லையே என்பதற்காக.

நன்னி உயிரோடிருக்கும் வீடுகளில் வேறொரு வேடிக்கை நடக்கிறது. அவருடைய வெற்றிலைப் பெட்டி முன்னறையில் விளக்கொளியில் இருக்கிறது. அவர் பின்னறையில் இருக்கிறார். பொருளை எடுத்துக்கொள்ளும் முன் அவரிடம் கேட்டால், பெரும்பாலும் மகிழ்ந்து தந்துவிடுவார். உயிரோடிருக்கும்போதே மனமுவந்து கையில் கொடுத்தால் அது ஹிபா. அதில் எந்தச் சிக்கலும் இல்லை. கேட்பதில் இன்னொரு பயனும் உண்டு. எந்தப் பெட்டி சீராக வந்தது, எந்தப் பானை பஞ்ச காலத்தில் அடகு போய்த் திரும்பியது, எந்தக் கிதாபை அவருடைய உம்மா அரபுத் தமிழில் ஓதினார் என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்தக் கிதாபின் ஏட்டைக் கிழித்துச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து கிழிக்காதீர்கள். படியெடுத்து மாட்டுங்கள், மூலத்தைத் துணியில் சுற்றி வையுங்கள்.

சரி, எடுத்துவர நன்னி வீடே இல்லாதவர்கள் என்ன செய்வது? விலைக்குத்தான் வாங்க வேண்டும். இங்குதான் நமக்கு ஒரு வியப்பு. கும்மிடிப்பூண்டியில் இருந்துகொண்டு, எங்கோ முடையப்பட்ட கூடையை இணையத்தில் தேடி வரவழைக்கிறோம். நம் மாவட்டத்திலேயே, ஏரிக்கரையில் பழவேற்காடு இருக்கிறது. அங்கே நம் சமுதாயப் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் தட்டும் முடைகிறார்கள். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, சீராகக் கீறி, சாயம் தோய்த்து, திண்ணையிலும் முற்றத்திலும் அமர்ந்து முடையும் வேலை. வெளியே சென்று பொருளீட்ட இயலாத எத்தனையோ பெண்களுக்கு வீட்டிலிருந்தே கிடைக்கும் வருமானம் அது. இணையத்தில் போட்டிருக்கும் விலையை ஒரு சொல்லும் பேசாமல் செலுத்துகிற நாம், முடைந்த பெண்ணையே நேரில் கண்டால் பேரம் பேசுகிறோம். இது நியாயமா?

பழவேற்காடு நம் வீட்டு அலங்காரத்துக்கு இன்னொன்றையும் தந்திருக்கிறது. ஒல்லாந்தர் 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதே சோழமண்டலக் கரையின் துணி வணிகத்துக்காகத்தான். இங்கிருந்து கடல் கடந்த கட்டம் போட்ட கைலியை மலாய்க்காரர்கள் இன்றும் ‘காயின் பிளேக்காட்’ என்கிறார்கள். பழவேற்காடு என்ற பெயரின் திரிபே அது. நன்னாவின் பழைய கைலிகள் பெட்டியடியில் கிடந்தால், அவற்றைச் சன்னல் திரையாகவோ திண்டு உறையாகவோ தைத்துப் பாருங்கள். துவைத்துத் துவைத்து மென்மையான பருத்தி. வெயில் பட்டால் கட்டங்களின் நிறம் தரையில் விழும். எந்தக் கடைத் திரையும் அதற்கு ஈடாகாது. (அவையும் வாரிசுச் சொத்தே என்பதை மறக்க வேண்டாம்!)

இப்படித் தைப்பதற்கு நமக்கு முன்மாதிரியும் உண்டு. ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் உள்ள திரையொன்றைத் தொங்கவிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பவில்லை. அன்னையார் அதை வெட்டித் தலையணைகளாக்கினார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். துணி வீணாகவில்லை, வீட்டில் இருந்தவருக்குச் சாய்ந்துகொள்ளப் பயன்பட்டது. கல்லுக்கும் களிமண்ணுக்கும் ஆடை உடுத்த நாம் ஏவப்படவில்லை என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் கூறியதும் இதுபோன்றதொரு திரையைப் பற்றியதே. சுவருக்கு மேல் சுவராகப் பொருளை அடுக்குவது நன்னி பாணி அன்று. அவர் வீட்டில் அலங்காரத்துக்கென்று தனியே ஒரு பொருளும் இருந்ததில்லை. முறம் புடைத்தது, சஹன் ஊட்டியது, பாய் விருந்தாளிக்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பழவேற்காட்டுச் சின்னப் பள்ளிவாசலில் உள்ள சூரியக் கடிகாரத்தைப் பார்க்கிறவர்கள் அதன் அழகை வியக்கிறார்கள். அதை வைத்தவர்கள் தொழுகை நேரம் அறிவதற்காக வைத்தார்கள்.

ஆகவே எந்தப் பொருளையும் வாங்குமுன், இது நம் வீட்டில் என்ன வேலை செய்யும் என்று கேட்டுக்கொள்வது செலவைப் பாதியாகக் குறைக்கும். வாடகை வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதிக்கும் ஆசையை விட்டுவிடலாம். காலி செய்யும்போது பெயர்த்துக்கொண்டு போக முடியாது. ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடுவதில்லை என்பவர்களுக்கு, தரையில் விரிக்கிற பாயே போதும். பத்தமடையில் நம் மக்கள் கோரையில் நெய்யும் பாய், மணமக்கள் பெயரையும் சேர்த்து நெய்து சீராகக் கொடுக்கப்பட்ட பாய், விரித்தால் அறையே மாறிவிடும். கணவருக்கொரு விரிப்பு, மனைவிக்கொன்று, விருந்தாளிக்கொன்று, நான்காவது ஷைத்தானுக்கு என்று ஹதீஸ் எச்சரிப்பதை நாம் அறிவோம். நம் வீடுகளில் நான்காவது இருக்கிறது, மூன்றாவதைத்தான் காணோம். விருந்தாளி வந்தால் சோபாவின் நுனியில் உட்கார்ந்துவிட்டு, அலங்காரத்தைப் பாராட்டிவிட்டு, தேநீரோடு போய்விடுகிறார்.

சுவரில் இருக்கும் சஹனை இறக்கிப் புளி போட்டுத் தேயுங்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பான உணவு வைக்கக்கூடாது என்பதால், உட்புறம் பூச்சுத் தேய்ந்திருந்தால் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். பிறகு பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, “பெரியம்மா, நன்னியின் சஹன் என்னிடம் இருக்கிறது, உங்களைக் கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன்” என்று சொல்லுங்கள். அவர் என்ன சொன்னாலும், அடுத்த வெள்ளிக்கிழமை அவரும் பிள்ளைகளும் வந்து அதிலேயே உண்ணட்டும்.

ஓலைப்பெட்டி வேண்டுமென்றால், பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து இருக்கிறது. உங்கள் அலமாரித் தட்டின் நீள அகலத்தை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மருந்து வைக்கவா, பிள்ளைகளின் கைப்பேசிக் கம்பிகளை அடைக்கவா என்பதையும் சொன்னால், மூடி எப்படி வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள். முடிக்க நாளாகும். கடற்காற்றில் ஓலை பூஞ்சை பிடிக்கும் என்பதால், வாங்கி வந்த பின் ஈரத்துணி படாமல், அவ்வப்போது நிழலில் காற்றாட வையுங்கள். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். விலை குறைக்கச் சொல்லாதீர்கள்.