அடுப்புக்கும் ஒரு பாலாலயம்

திருவாரூர் மாவட்டத்திலிருந்து வாசகச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டுச் சமையலறைக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. மேடையின் கடப்பைக் கல் பிளந்திருக்கிறது. சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. தொட்டிக் குழாய் கசிகிறது. பொங்கல் கழிந்ததும் இடித்துப் புதுப்பிப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். மேஸ்திரி 40 நாள் கேட்டிருக்கிறார். கையில் இருப்பது 3 இலட்சம் ரூபாய். வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்கு வயது 78, சர்க்கரை நோயும் உண்டு. அந்த வீட்டில் காலடி வைத்த நாள்தொட்டு, சுவாமிக்கு அன்னம் படைக்காமல் அவர் ஒரு கவளமும் உண்டதில்லையாம். கணவரோ, "ஒரு மாதந்தானே, ஓட்டலில் வாங்கிக்கொள்வோம்" என்கிறார். "நைவேத்தியம் நின்றுபோனால் குற்றமாகுமா? வேலை முடிவதற்குள் பணம் தீர்ந்துபோனால் என்ன செய்வது?" என இரண்டு கேள்விகளை எழுப்பியிருக்கிறார் சகோதரி.

இரண்டுக்கும் விடை நம் ஊர்க் கோயிலிலேயே இருக்கிறது. திருப்பணி தொடங்கும் கோயிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கருவறையில் கை வைப்பதற்கு முன்பே, மூர்த்தியின் கலைகளைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, வேறோர் இடத்தில் சிறிய சந்நிதி அமைத்து, அத்திப்பலகையில் எழுதிய திருவுருவத்திலோ சிறு பிம்பத்திலோ எழுந்தருளச் செய்கிறார்கள். இதுவே பாலாலயம். மூலஸ்தானம் சாத்தப்பட்டிருக்கும், கும்பாபிஷேகம் வரை அன்றாடப் பூசை அங்கே நடக்கும். அலங்காரம் சுருங்கும், அபிஷேகம் எளிதாகும், விழாக்கள் நின்றிருக்கும். ஆனால் விளக்கும் நைவேத்தியமும் ஒரு நாளும் நிற்பதில்லை. சுருக்கலாம், நிறுத்தலாகாது என்பதே அதன் முறை. வரிசையும் கவனிக்கத்தக்கது. முதலில் பாலாலயம், அதற்குப் பிறகே கடப்பாரை.

நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. காலையில் ஆள்கள் வந்து மேடையை உடைக்கத் தொடங்கிய பிறகே, மாலைக் காப்பியை எங்கே போடுவது என்று யோசிக்கிறோம். இடிப்பதற்கு மூன்று நாள் முன்பாகவே தற்காலிக அடுப்பை அமைத்து, அதிலேயே சமைத்துப் பாருங்கள். தண்ணீர் எட்டவில்லை, பாத்திரம் கழுவ இடமில்லை, காற்று அடுப்பை அணைக்கிறது என்னும் குறைகள் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பழைய சமையலறையும் கைவசம் இருக்கும். இடம் எதுவென்பதை மாமியாரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டில் எந்த மூலையில் காற்று அடிக்கும், எந்த மூலையில் எறும்பு வரும் என்று அறிந்தவர் அவர். அவர் காட்டிய இடத்தில் அடுப்பு மூட்டினால் அவருடைய மனத்தாங்கலும் பாதியாகக் குறையும்.

பெரும்பாலான வீடுகளில் பின்கட்டுத் தாழ்வாரம் இதற்கு உகந்தது. கூடத்தில் வைப்பதானால் சன்னல் அருகில் வையுங்கள். அடுப்பு உறுதியான மேசைமேல் இருக்க வேண்டும். சிலிண்டர் அதற்குத் தாழ்வாகத் தரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். எட்டவில்லை என்பதற்காக இரப்பர்க் குழாயை ஒட்டுப்போட்டு நீட்டுவது பேராபத்து. இன்டக்‌ஷன் அடுப்பு வாங்குவோர், அதைக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு உரிய சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள். 2,000 வாட் அடுப்புக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். இன்னொன்று: தச்சர் பசை தடவும் நாளிலும், தின்னர் கலந்து பாலிஷ் போடும் நாளிலும் அந்த வாடை வீசும் இடத்தில் அடுப்பும் வேண்டாம், குத்துவிளக்கும் வேண்டாம். அன்று விளக்கை வாசல் மாடத்தில் ஏற்றுங்கள்.

பூசை அலமாரி சமையலறையிலேயே இருக்கும் வீடுகள் நம்மிடையே மிகுதி. சிமெண்டுத் தூசியில் படங்களை விட்டுவைக்காமல், அவற்றைத் துடைத்துப் பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். குலதெய்வத்தின் படம் ஒன்று, விளக்கு ஒன்று, மணி ஒன்று ஆகியவை மட்டும் கூடத்துக்கு வரட்டும். நைவேத்தியத்துக்குப் பால், பழம், கற்கண்டு, அவலும் வெல்லமும், உலர்ந்த திராட்சை எல்லாம் உகந்தவையே, அடுப்பே வேண்டாதவை. அடுப்பு எரியும் நாளில் ஒரு கைப்பிடிச் சாதம் படைக்கலாம். தண்ணீர் நிறுத்தப்பட்ட நாளில் இரண்டு வாழைப்பழம் போதும். குற்றமாகுமா என்று கேட்ட சகோதரிக்குச் சொல்கிறேன்: ஆகாது. பாலாலயத்திலும் அப்படித்தான் நடக்கிறது.

இடிக்கும் நாள், குழாய் மாற்றும் நாள் ஆகிய இரண்டிலும் சமைக்க முடியாது. அவற்றில் ஒன்று ஏகாதசியில் அமையுமானால் விரதம் இருப்போருக்கு வசதி. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு இது பொருந்தாது. மாமியாருக்கு மட்டும் வேளை தவறாமல் உணவு கிடைக்கும்படி அண்டை வீட்டிலோ உறவினர் வீட்டிலோ முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நம்மில் பலர் கொடுக்கத் தயங்க மாட்டோம், கேட்கத்தான் தயங்குவோம். இதற்குத் தயங்க வேண்டியதில்லை. ஊர்க் கோயிலில் அன்னதானம் நடக்குமானால் ஒரு நாள் உச்சிவேளையில் எல்லோரும் பந்தியில் அமருங்கள். சாப்பாட்டுக்கு ஆகியிருக்கும் தொகையை அன்னதான உண்டியலில் சேர்த்துவிடுங்கள்.

மற்ற நாள்களுக்குப் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வற்றல், ஊறுகாய் ஆகியவற்றை இடிப்பதற்கு முன்பே செய்து வைத்துக்கொண்டால், சாதம் மட்டும் வடித்தால் போதும். பாத்திரங்களில் பத்துப் பன்னிரண்டை வெளியே வைத்து, மற்றவற்றைக் கட்டி, பெட்டியின் மேல் உள்ளிருப்பதை எழுதி ஒட்டுங்கள். பழைய அம்மியையும் ஆட்டுக்கல்லையும் இடிபாட்டோடு வண்டியில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். வீட்டில் ஒரு திருமணம் வரும்போது அம்மிக்கு வாடகை கொடுக்க வேண்டிவரும்!

இனிப் பணத்துக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலை முதலாம் இராசராசன் 1010-இல் நிறைவு செய்தான். அக்கோயில் கல்வெட்டுகளைப் படிப்பவர்களை ஒரு செய்தி வியக்கவைக்கும். விமானத்தின் பெருமையைக் காட்டிலும், அந்த விமானத்தின் கீழ் நாள்தோறும் எரிய வேண்டிய விளக்கைப் பற்றியே அவை விரிவாகப் பேசுகின்றன. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகலாம், கிழடாகலாம், கணக்கில் 96 குறையக் கூடாது. ஆகவேதான் சாவா மூவாப் பேராடு என்று பெயர். பணமாகக் கொடுத்த அறக்கட்டளைகளும் உண்டு. ஊர்ச் சபைகள் அதைக் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, வட்டி செலுத்தின. பூசைச் செலவு அந்த வட்டியில் நடந்தது. முதலில் எவரும் கை வைக்கவில்லை. கட்டும் பணம் வேறு, படைக்கும் பணம் வேறு. இன்றும் கோயிலில் திருப்பணிக்கு ஒரு ரசீதும் அன்னதானத்துக்கு ஒரு ரசீதும் தனித்தனியே தருகிறார்களே, அந்தப் பழக்கத்தின் பொருளும் இதுதான்.

வீட்டில் சமையலறை வேலை தொடங்கினால் முதலில் சிதைவது இந்தப் பிரிவினைதான். மளிகைக்கு எடுத்துவைத்த பணம் மணலுக்குப் போகும். மணலுக்கு வைத்தது ஓட்டல் சாப்பாட்டுக்குப் போகும். எது எதற்குப் போயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது. சகோதரியின் கணவர் ஓட்டல் என்கிறார். ஒரு சாப்பாடு 100 ரூபாய் என்றே கொள்வோம். ஐவருக்கு இரண்டு வேளைக்கு 1,000 ரூபாய். 40 நாளில் 40,000 ரூபாய். இருபது அடி நீளமும் இரண்டு அடி அகலமும் உள்ள மேடைக்கு, சதுர அடி 200 ரூபாய் விலையில் கிரானைட் வாங்கினால் 8,000 ரூபாய்தான் ஆகும். ஐந்து மேடைக் கல்லை உண்டு தீர்த்ததற்குச் சமம்!

ஆகவே 3 இலட்சத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் 15,000 ரூபாயை அன்றாடத்துக்கென ஒதுக்குங்கள். தண்ணீர்க் கேன், தவிர்க்க முடியாத சில நாள் வெளிச்சாப்பாடு, வேலையாள்களின் தேநீர் எல்லாம் இதில் அடங்கும். தேநீரும் வடையும் ஒருவருக்கு 15 ரூபாய் என்றாலும், நால்வருக்கு இருவேளைக்கு 120. 40 நாளில் 4,800 ஆகிவிடும். இதைக் கணக்கில் எழுதுபவர்கள் குறைவு. அடுத்து 45,000 ரூபாயை எவரும் தொடாத தொகையாக வங்கியில் விட்டுவையுங்கள். முப்பது ஆண்டுச் சுவரைத் திறந்தால் துருப்பிடித்த குழாயும் காப்புரிந்த மின்கம்பியும் இருக்கக்கூடும். அவை மேஸ்திரியின் மதிப்பீட்டில் இரா. எஞ்சும் 2,40,000 ரூபாய்க்குள் வேலை அடங்க வேண்டும். மதிப்பீட்டில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, இடிபாட்டை அகற்றும் வண்டி வாடகை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். டைல்ஸ் அளவில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்க வேண்டும், வெட்டுவதில் வீணாகும். மீந்ததைத் திருப்பிக் கொடுக்காமல் பரணில் வையுங்கள். பின்னாளில் அதே நிறம் கிடைப்பது அரிது.

அடங்கவில்லையென்றால்? குழாய், மின்கம்பி, தொட்டிக்குப் பின்னுள்ள சுவரின் நீர்க்காப்புப் பூச்சு ஆகிய மூன்றையும் குறைக்காதீர்கள். மறைந்திருப்பவை இவை, பழுதானால் மீண்டும் உடைக்க வேண்டும். அலமாரிக் கதவுகளை ஓராண்டு கழித்தும் போட்டுக்கொள்ளலாம். திரைச்சீலை தொங்கிய அலமாரியில்தான் நம் பாட்டிமார் சமைத்தார்கள். இந்த ஒன்றை மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன்: பளபளக்கும் இழுப்பறைக்காக நகையை அடகு வைக்காதீர்கள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் தொடாதீர்கள். தையில் தொடங்கும் வேலை பங்குனியில் முடியும். அடுத்துப் பள்ளி திறக்கும்.

பங்குனி வரை எப்படி நீளும் என்று வியக்க வேண்டாம். மேஸ்திரியின் 40 நாள் வேலை நாள் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகள் போகும். நம் பக்கத்துக் கொத்தனாரும் தச்சரும் அமாவாசையில் கருவியைத் தொடுவது குறைவு. தைப்பூசம், மகா சிவராத்திரி, ஊர்த் திருவிழா எல்லாம் உண்டு. பூச்சும் தளமும் நீர் குடித்து இறுகவும் ஒரு வாரம் விட வேண்டும். 60 நாள் என்றே மனத்தில் கொள்ளுங்கள். அந்த 60 நாளுக்குள் வீட்டில் பெரியவர்களின் திதி வருகிறதா என்று இன்றே பஞ்சாங்கம் பாருங்கள். வந்தால், உடன்பிறந்தார் வீட்டில் செய்வதா, அரிசியும் காய்கறியும் தானமளிக்கும் ஆம சிராத்தமாகச் செய்வதா என வீட்டுப் புரோகிதரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். நாள் பார்ப்பவர்களுக்கு, தை மாதத்து வாஸ்து நாள் 12-ஆம் தேதி, மாசியில் 22.

இடையில் ஒரு சொல். வேலை தொடங்கியதும், "அடுப்பு அக்கினி மூலையில் இல்லையே, சுவரையே மாற்றுங்கள்" என்று அறிவுரை கூற நான்கு பேர் வருவார்கள். தென்கிழக்கு சிறப்புத்தான், கோயில் மடைப்பள்ளியும் அங்கேதான். ஆனால் வாயு மூலையாகிய வடமேற்கையும் நூலோர் ஏற்றிருக்கிறார்கள். இருக்கும் அறைக்குள்ளேயே அடுப்பைக் கிழக்கு நோக்கிச் சமைக்கும்படி அமைக்க முடியுமா என்று பார்த்தால் போதுமானது. குழாயையும் சாக்கடையையும் மறுகோடிக்கு இழுத்தால், ஒதுக்கிய 45,000 அன்றே கரைந்துவிடும். அதைவிட, மேடையின் உயரத்தைச் சமைப்பவரின் உயரத்துக்கு ஏற்ப அளந்து சொல்லுங்கள். அதை ஒருவரும் கேட்பதில்லை. முதுகுவலி மட்டும் பின்னால் வருகிறது.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். முன்பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பிறகு குழாய் வேலை, பூச்சு, டைல்ஸ், மேடை என ஒவ்வொன்றும் முடிந்த பின் உரிய பங்கு. கூலியாள்களுக்கு மேஸ்திரி சனிக்கிழமைதோறும் கூலி கொடுக்கிறாரா என்று விசாரியுங்கள். உங்கள் வீட்டில் உழைத்தவர் வெறுங்கையுடன் போகக் கூடாது. ஒரு நோட்டில் பிள்ளையார் சுழியிட்டு, இடப்பக்கம் கட்டும் செலவும் வலப்பக்கம் அன்றாடச் செலவும் அன்றன்று இரவே எழுதுங்கள். எழுதுபவர் ஒருவராகவே இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் நல்ல நாளில் மாமியார் கையால் பால் காய்ச்சி, கூடத்திலிருந்த படத்தையும் விளக்கையும் உள்ளே எழுந்தருளச் செய்யுங்கள். கடைசித் தவணையை மட்டும் அன்றே கொடுத்துவிட வேண்டாம். ஒரு மாதம் சமைத்து, பாத்திரம் கழுவி, தொட்டியின் அடியில் கை வைத்துப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் வெற்றிலை பாக்குடன் மேஸ்திரியை அழைத்துக் கொடுங்கள்.