தோற்றவன் அடுத்த ஞாயிறும் ஆடட்டும்



போன மாதம் எங்கள் பாடசாலையின் பெரிய பிரிவு உதைபந்தாட்ட அணியைக் கூட்டிக்கொண்டு வலய மட்டப் போட்டிக்குப் போனோம். முதல் ஆட்டம். 1-0 தோல்வி. காலையில் பஸ் ஏறிய பிள்ளைகள் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒன்றரை மாதம் வெயிலில் பயிற்சி, அதற்கு ஒரே ஒரு ஆட்டம். அணியில் பாதிப் பேருக்கு அதுதான் பாடசாலைக்காக ஆடிய கடைசி ஆட்டம்.

வரும் வழியில் முன்களத்தில் ஆடும் பிள்ளை கேட்டான்: "சேர், இனி நாங்க எங்க விளையாடுற?"

பொறுப்பாசிரியர்கள் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "முதல்ல ஏ.எல். பரீட்சையப் பாருங்க மகன்" என்று சொல்லிச் சமாளித்தோம். அவன் கேட்டது அதை இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்தக் கேள்வி மனதில் கிடந்து உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

வன்னியில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் மெஸ்ஸி, ரொனால்டோ வரலாறு சொல்வான். அஹமட் வசீம் ராசிக்கைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. இலங்கைப் பெற்றோருக்கு 1994 இல் பேர்லினில் பிறந்தவர். யூனியன் பேர்லினின் இரண்டாம் அணி, மக்டபேர்க், ஏர்ஃபுர்ட் என்று ஜேர்மனியின் கீழ்நிலை லீக்குகளில் ஆடியவர். பண்டஸ்லீகா நட்சத்திரம் அல்ல. அவர் படம் போட்ட ஜேர்சி எந்தக் கடையிலும் தொங்காது.

ஆனால் 2022 உலகக் கிண்ணத்துக்கான ஆசியத் தகுதிகாண் இரண்டாம் சுற்றில் நம் நாடு மொத்தமாக அடித்தது இரண்டே இரண்டு கோல்கள். 2021 ஜூன் 5 ஆம் திகதி தென் கொரியாவின் கோயாங் நகரில், லெபனானுக்கு எதிராக 3-2 என்று தோற்ற ஆட்டத்தில் வந்தவை. இரண்டையும் அடித்தவர் ராசிக். அதே லெபனானிடம் முந்திய ஆட்டத்தில் நாம் 3-0 என்று தோற்றிருந்தோம்.

அவருக்குக் கிடைத்ததும் நம் பிள்ளைக்குக் கிடைக்காததும் என்ன? திறமையா? இல்லை என்றே நினைக்கிறோம். ஆட்டங்களின் எண்ணிக்கைதான். ஜேர்மனியின் மூன்றாம் நிலை லீக்கில் 20 கழகங்கள், ஒரு பருவத்தில் ஒவ்வொரு கழகத்துக்கும் 38 ஆட்டங்கள். இன்று 4-0 என்று தோற்றாலும் அடுத்த கிழமை இன்னொரு ஆட்டம் இருக்கிறது. முன்கள வீரன் அப்படித்தான் உருவாகிறான். பத்து வாய்ப்பைத் தவறவிட்டு, பதினோராவதில் கால் எங்கே வைப்பது என்று கற்றுக்கொள்கிறான். நம் பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பைத் தவறவிடவே நேரம் கொடுப்பதில்லை.

நம் பக்கம் நடப்பவற்றில் பெரும்பாலானவை விலகல் முறைச் சுற்றுகள். கணக்குப் பாருங்கள். எட்டுக் கழகம் சேர்ந்தால் மொத்தம் 7 ஆட்டங்கள். நான்கு கழகங்கள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்கு. அதே எட்டுக் கழகமும் லீக் முறையில் ஒன்றோடொன்று இரண்டு தடவை மோதினால் மொத்தம் 56 ஆட்டங்கள். கடைசி இடத்தில் நிற்கும் கழகத்துக்கும் 14 ஆட்டங்கள். மைதானம் அதேதான், பிள்ளைகளும் அதே பிள்ளைகள்தான்.

நினைவுக் கிண்ணங்களை நாங்கள் குறை சொல்லவில்லை. போன உயிர்களை ஊர் நினைத்துப் பார்க்கும் ஒரு வழி அது, அது நடக்கத்தான் வேண்டும். 2018 இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் நடந்தபோது முல்லை பீனிக்ஸ், கிளியூர் கிங்ஸ், வவுனியா வோரியர்ஸ் என்று நம் ஊர்ப் பெயர்கள் வாயில் வந்ததைக் கேட்டு நாங்களும் சந்தோசப்பட்டவர்கள்தான். நாங்கள் கேட்பது அதற்குக் கீழே இருக்க வேண்டிய படி. பரிசுப் பணம் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். ஞாயிறு தோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓர் ஆட்டம், ஒரு நடுவர், ஒரு புள்ளிப் பட்டியல். அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளையின் வாப்பாவைப் பிறகு ஒருநாள் கண்டோம். "பந்து சோறு போடுமா சேர்?" என்றார். நியாயமான கேள்விதான். பேச்சு நீண்டபோது ஒன்று தெரிய வந்தது. 1990 இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முகாமில் வளர்ந்த காலத்தில் அவரும் முன்களத்தில் ஆடியவராம். "அங்க பின்னேரம் ஆனா எங்களுக்கு அது ஒண்டுதான் இருந்திச்சு" என்றவர், அதற்கு மேல் பேசவில்லை.

அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். பந்து சோறு போடும் என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். ராசிக் ஆடிய ஏர்ஃபுர்ட் கழகமே 2018 இல் வங்குரோத்து நிலைக்குப் போனது. கீழ்நிலை லீக்கை நம்பி மட்டும் வாழ்வது ஜேர்மனியிலேயே கஷ்டம். ஆனால் சோறு தேடிக்கொண்டே ஆடலாம். இங்கிலாந்தின் ஜேமி வார்டியை 16 வயதில் ஷெபீல்ட் வெட்னஸ்டே கழகம் வேண்டாம் என்று அனுப்பியது. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே சின்னக் கழகம் ஒன்றில் ஆடினார். 2016 இல் லெஸ்டர் அணியோடு பிரீமியர் லீக்கை வென்றார். எல்லாரும் வார்டி ஆக மாட்டார்கள். ஆனால் அனுப்பப்பட்ட பிறகும் அவருக்குப் போக இன்னொரு கழகம் இருந்தது. ஹார்ட்வெயார் கடையில் நிற்கும் பிள்ளைக்கும், வயலுக்குப் போகும் பிள்ளைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம் இருந்தால் பின்னேரங்களில் அவன் எங்கே நிற்கிறான் என்ற பயம் பெற்றோருக்குப் பாதி குறையும். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் வருசம் முழுக்க ஒரே பட்டியலில் நின்றால் அதன் நன்மையை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கடன் வாங்கி, திருப்பிக் கொடுக்காத ஆசிரியர்கள் நாங்கள். இந்தத் தவணையிலிருந்து அதை நிறுத்துகிறோம்.

பக்கத்துப் பாடசாலைகளின் பழைய மாணவர்களோடு பேசத் தொடங்கிவிட்டோம். நான்கு அணிகள் சேர்ந்தாலும் போதும், இன்ஷா அல்லாஹ் ஆரம்பிப்போம். உங்கள் ஊரில் ஒரு கழகமும், புல் வெட்டிய ஒரு மைதானமும் இருந்தால் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இடமும் நாளும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறோம்.