பிள்ளையின் படகைப் பெரியவர்கள் கட்டலாமா?

என் மகனுக்கு வயது 12. சென்ற கோடை விடுமுறையில் அவனுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். உள்ளே பொம்மை இல்லை. வெட்டிய பலகைத் துண்டுகளும், மெல்லிய மரச் சட்டங்களும், நூலும், ஒரு வரைபடமும் இருந்தன. எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்தால், முழ நீளத்தில் ஒரு மீன்பிடி படகு!

முதுகெலும்பும் விலாவும்

முதலில் அடிக்கட்டை. அதுதான் படகின் முதுகெலும்பு. அதன்மேல் விலா எலும்புகளைப் போலக் குறுக்குப் பலகைகள். பிறகு சட்டங்களை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்ட வேண்டும். சட்டத்தைத் தண்ணீரில் ஊற வைத்தால்தான் வளையும். இல்லாவிட்டால் 'படக்' என்று ஒடிந்துவிடும்.

பையன் ஒரு நாளைக்கு இரண்டு சட்டம்தான் ஒட்டினான். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கோந்து காயும்வரை காத்திருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் இரவு, அவன் தூங்கிய பிறகு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் முழுவதையும் ஒட்டி முடித்தேன். காலையில் பார்த்தால், படகு வாழைக்காய் போல வளைந்து கிடந்தது!

காரணம் என்ன? வளைத்து ஒட்டிய சட்டம் நிமிரப் பார்க்கும். அடிக்கட்டையைத் தன் பக்கம் இழுக்கும். எதிர்ப்பக்கமும் ஒரு சட்டம் இருந்தால், இழுப்பு சரியாகிவிடும். இது வரைபடத்திலேயே எழுதியிருந்தது. பையன் படித்திருந்தான். பட்டம் பெற்ற நான் படிக்கவில்லை!

அவன் கோபிக்கவில்லை. "இனி இது உங்கள் படகு, அப்பா" என்றான். அந்தச் சொல் என்னைச் சுட்டது.

மன்னரின் அவசரம்

அவசரம் பெரிய கப்பலையே கவிழ்த்திருக்கிறது. சுவீடன் நாட்டு மன்னர் குஸ்தாவ் அடால்ப், 'வாசா' என்ற போர்க்கப்பலைக் கட்டச் சொன்னார். அதில் 64 பீரங்கிகள். "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினார். கப்பலில் மேல்பாரம் அதிகம், அடிப்பாரம் போதவில்லை.

30 பேரைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து, சோதனையை நிறுத்தினார்கள். ஆனால், பயணத்தை நிறுத்தவில்லை! 1628 ஆகஸ்டு 10-ந்தேதி ஸ்டாக்ஹோமில் புறப்பட்ட கப்பல், ஒன்றரை கிலோ மீட்டர்கூடப் போகவில்லை. காற்றில் சாய்ந்து மூழ்கியது. 1961-ல்தான் அதை மேலே தூக்கினார்கள்.

பெற்றோர்களே!

"படிக்கிற வயதில் படகு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அளப்பதும், வரைபடத்தைப் படிப்பதும், பொறுத்திருப்பதும் படிப்புதான். படகுப் பெட்டி வாங்க வசதி இல்லாவிட்டால் குறை இல்லை. பிள்ளை எதைச் செய்தாலும் சட்டம் ஒன்றுதான்: கேட்டால் உதவுங்கள். கேட்காமல் கை வைக்காதீர்கள். கோணலாக இருந்தாலும், அவன் செய்தது அவனுடையது. நேராக இருந்தாலும், நீங்கள் செய்தது உங்களுடையது.

நான் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்தி, கோந்தை இளக்கி, சட்டங்களைக் கழற்றினோம். அடிக்கட்டையைத் தடித்த புத்தகங்களுக்கு அடியில் வைத்து நிமிர்த்தினோம். அவன் மறுபடியும் தொடங்கினான். எனக்கும் ஒரு வேலை கொடுத்தான்: சட்டங்களை ஊற வைப்பது!

இரண்டு மாதம் ஆயிற்று. தண்ணீர்த் தொட்டியில் படகு மிதந்தது. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான் மிதந்தது. ஆனால், அது அவன் படகு!