குருவி தலையில் பனங்காயும் ரெண்டு இன்ச் லிஃப்ட்டும்

மே மாசம் பொறந்தா போதும், குருகிராம்ல எங்க ஆபீஸ் பார்க்கிங் பக்கம் ஒரு காய்ச்சல் பரவ ஆரம்பிச்சிடும். அதுக்குப் பேரு லடாக். தப்பே இல்ல. சென்னைல இருக்கறவங்க ஏற்காடு போற மாதிரி இங்க இருக்கறவங்க ஸ்பிதி, லே-ன்னு கிளம்பறாங்க. 2020-ல அடல் சுரங்கம் தொறந்தப்புறம் ரோத்தங் ஏறி இறங்கற வேலையும் மிச்சம். போகட்டும், நல்லா இருக்கட்டும்.

எனக்கு எரியறது கிளம்பறதுக்கு முன்னாடி நடக்கற சடங்கைப் பார்த்து. "சஸ்பென்ஷன் பண்றது"ன்னு பேரு. காஷ்மீரி கேட், கரோல் பாக்னு கடை கடையா ஏறி இறங்குவாங்க. கடைக்காரர் வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்துட்டு, "சார்ஜி, தோ இன்ச் உட்டா தேதே ஹைன்"னு சொல்லுவார். ரெண்டு இன்ச் தூக்கிடலாமாம். ஸ்பிரிங் மேல ஒரு பிளாஸ்டிக் வளையம், கொஞ்சம் நீளமான ஷாக், முடிஞ்சது வேலை. அப்புறம் கூரை மேல இரும்பு ராக், ராக் மேல கூடாரம், பின் கதவுல ரெண்டு ஜெர்ரி கேன். குடும்பமே ஏறி உட்காரும். "இப்ப எவ்வளவு வெயிட் வேணா ஏத்தலாம் பாஸ், சஸ்பென்ஷன் பண்ணியாச்சு!"

ஏத்தலாமா? கணக்கு போட்டுத்தான் பார்ப்போமே.

அஞ்சு கதவு ஜிம்னியை எடுத்துக்குங்க. சொந்த எடை 1200 கிலோவை ஒட்டி. ஆளு, சாமான் எல்லாம் சேர்த்து மொத்த எடை 1545 கிலோவைத் தாண்டக் கூடாதுங்கறது கம்பெனி கணக்கு. ஆக, நமக்குன்னு இருக்கறது சுமார் 345 கிலோ. ஆளுக்கு 70 கிலோன்னு நாலு பேர் ஏறினாலே 280 போச்சு. மிச்சம் 65. இதுல இரும்பு ராக் 30, கூடாரம் 55, ரெண்டு கேன் பெட்ரோல் 35, தண்ணி 20, குட்டி ஃபிரிட்ஜ் 20, டூல்ஸ் 20, நாலு பேர் துணிமணி 48. கூட்டிப் பாருங்க, 228 கிலோ. இருக்கற இடம் 65. குருவி தலையில பனங்காய்னு நம்ம பாட்டிங்க சொன்னது இதைத்தான்.

சரி, ரெண்டு இன்ச் லிஃப்ட் இந்த 163 கிலோவைத் தாங்காதா? தாங்காது. ஏன்னு சொல்றேன்.

ஒண்ணு, அந்த வளையம் ஸ்பிரிங்கோட பலத்தை ஒரு துளி கூட மாத்தாது. முன்னாடி 100 கிலோ ஏத்தினா 2 சென்டிமீட்டர் அமுங்கிச்சுன்னா, வளையம் போட்டப்புறமும் அதே 2 சென்டிமீட்டர்தான் அமுங்கும். ஆரம்பிக்கற உயரம்தான் வேற. முக்காலி மேல ஏறி நின்னா உயரமாத் தெரிவோம், அதுக்காக மூட்டை தூக்கற தெம்பு வந்துடுமா?

ரெண்டு, வண்டியைத் தூக்கினா சக்கரம் கீழ இறங்கறதுக்கு இருக்கற இடம் குறையுது. பள்ளத்துல சக்கரம் விழும்போது ஷாக் அதோட எல்லையைத் தொட்டு 'டங்'குன்னு இழுபடும். ஜிம்னி, தார் மாதிரி வண்டில அச்சைப் பிடிச்சிருக்கற கைகளோட கோணம் மாறும். முன்னாடி அச்சுல அது மாறினா ஸ்டீயரிங் தானா நேராகற குணம் குறையும். பக்கவாட்டு கம்பி அச்சை ஒரு பக்கமா இழுக்கும். பிரேக் குழாய் விறைக்கும். ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். இதையெல்லாம் சரி பண்ண தனித்தனி பாகம் இருக்கு. நம்ம சார்ஜி அதைப் பத்தி வாயே தொறக்க மாட்டார்.

மூணு, இதுதான் முக்கியம். வண்டியோட எடை வரம்பு ஸ்பிரிங்கை மட்டும் பார்த்து வெச்சது இல்ல. அச்சு, பேரிங், சேஸிஸ், டயர், பிரேக் எல்லாத்தையும் பார்த்து வெச்சது. பாராலாச்சா லால இருந்து தார்ச்சா வரைக்கும் சுமார் 1500 மீட்டர் இறக்கம். 163 கிலோ கூடுதலா வெச்சுக்கிட்டு, பாதி மூட்டை கூரை மேல ஆட, கொண்டை ஊசி வளைவுல பிரேக் சூடாகி மிதி மெத்து மெத்துன்னு போகும்போது எந்த ஸ்பிரிங் வந்து காப்பாத்தும்? பின் சீட்டுல அப்பா அம்மாவும் கொழந்தையும் இருக்காங்க சாமி.

உடனே ஒருத்தர், "ஆஸ்திரேலியாகாரன் பண்ணலியா?"ன்னு வருவார். பண்றான். ஆனா எப்படிப் பண்றான்னும் பார்க்கணும். அங்க எடை வரம்பைக் கூட்டறதுன்னா ஸ்பிரிங், ஷாக் எல்லாம் சேர்த்து சோதிச்ச ஒரு தொகுப்பைப் போட்டு, சான்றிதழ் வாங்கி, புது வரம்பை வண்டியில தகடா ஒட்டணும். ஸ்பிரிங் வாங்கப் போனா முதல் கேள்வியே, "வண்டில எப்பவும் எத்தனை கிலோ இருக்கும்?" அந்த 'எப்பவும்'ங்கறதுலதான் விஷயமே இருக்கு. வருஷம் முழுக்க பொட்டியும் படுக்கையுமா சுத்தறவனுக்குத்தான் கனமான ஸ்பிரிங். நாம மூட்டை ஏத்தறது வருஷத்துல பத்து நாள். மிச்ச 355 நாளும் ஒத்தை ஆளா ஆபீஸ் போறோம். கனமான ஸ்பிரிங்கை மாட்டிட்டு காலி வண்டி ஓட்டினா ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகெலும்பு எண்ணிக்கை தெரியும். மேடு பள்ளத்துல டயர் தரையை விட்டுத் துள்ளும், பிடிப்பும் போகும்.

சட்டம்? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதையே அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த 182ஏ பிரிவுல, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். இதை விடுங்க. நாளைக்கு ஒரு விபத்துன்னா, சொல்லாம செஞ்ச மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரன் கையை விரிக்கலாம்.

"அப்ப ஒண்ணுமே பண்ணக் கூடாதாய்யா?" பண்ணலாம். சத்தமில்லாத வேலைங்க நெறைய இருக்கு, ஃபோட்டோல தெரியாது, அவ்வளவுதான்.

முதல்ல எடை போடுங்க. வடநாட்டு ஹைவேல எங்க பார்த்தாலும் 'தரம் காண்டா'ன்னு போர்டு இருக்கும், லாரி எடை மேடை. ஒரு டீ, சமோசா காசுதான் ஆகும். மூட்டை முடிச்சு, ஆளுங்களோட ஏத்தி முழு வண்டியை ஒரு தடவை, பின் சக்கரம் மட்டும் மேடையில நிக்கற மாதிரி ஒரு தடவை எடை போடுங்க. பத்து கிலோ முன்னபின்ன இருந்தாலும் உண்மை தெரிஞ்சிடும்.

அடுத்தது, இறக்குங்க. காசாலயும் லேயிலயும் ரூம் கிடைக்குது, சாப்பாடு கிடைக்குது. கூரைக் கூடாரம் யாருக்கு? மிஞ்சறதைத் தாழ்வா, பின் அச்சுக்கு முன்னாடி வைங்க. பின் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் பின்னால கதவுல 50 கிலோவைத் தொங்கவிட்டா, ஜிம்னி நீளத்துக்கு பின் அச்சு மேல விழறது 65 கிலோ. முன் அச்சுல 15 கிலோ குறையும். ஸ்டீயரிங் ஏன் லேசா இருக்குன்னு அப்புறம் ஆச்சரியப்படக் கூடாது.

காசு செலவழிச்சே ஆகணும்னா நல்ல ஷாக்குல போடுங்க, அதே உயரத்துல. சாங்தாங் பக்கம் சலவைக்கல் மாதிரி வரிவரியா மண் பாதை வரும். அதுல மணிக்கணக்கா ஓடினா ஷாக்குக்குள்ள எண்ணெய் கொதிச்சு நுரைச்சிடும், அப்புறம் வண்டி படகு மாதிரி ஆடும். நைட்ரஜன் அழுத்தம் உள்ள ஷாக் நுரைக்கறதைக் குறைக்கும். தேஞ்ச புஷ், கிழிஞ்ச பம்ப் ஸ்டாப் மாத்துங்க. பத்து நாள் சுமைக்குன்னா, காயில் ஸ்பிரிங்குக்குள்ள வைக்கற காத்துப் பை கிடைக்குது. சுமை ஏத்தும்போது காத்தடிச்சு, இறக்கினதும் விட்டுடலாம். அதுவும் எடை வரம்புக்குள்ளதான், வரம்பைத் தாண்டறதுக்கு இல்ல.

கடைசியா, காசே ஆகாத ஒரு சஸ்பென்ஷன் இருக்கு: வலது கால். ஒரே பள்ளத்துல வேகம் கூடக் கூட ஷாக் மேல விழற அடியும் நல்லாவே கூடும். இருபதுல போங்க.

பட்டை ஸ்பிரிங் போட்ட ஹிமாச்சல் அரசு பஸ் குன்சும் லா தாண்டி காசா போகுது, எந்த லிஃப்ட்டும் இல்லாம. டிரைவர் பாதையைப் பார்த்து ஓட்டறார். நாம ஃபோட்டோவைப் பார்த்து வண்டி கட்டறோம்.

டிஸ்கி: "ராக் இல்லாம ஃபோட்டோ நல்லா வராதே பாஸ்"னு கேக்கறவங்களுக்கு: பாங்காங் ஏரி பக்கமா திரும்பி எடுங்க. வண்டி தெரியவே வேணாம் :-)