சங்கக்கடை மேசையில் ஒரு கைத்தொலைபேசி

பால்மாப் பையின் மடிப்பிலும் ரின்மீனின் அடிப்புறத்திலும் புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்படும் காலாவதித் திகதியை வாசிப்பது கூர்ந்த பார்வையுடைய இளைஞருக்கே ஒரு பரீட்சையாகிவிட்ட இக்காலத்தில், எழுபதைக் கடந்த ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்துவிட்டு, 'சரி தம்பி, பையிலை போடும்' என்று கடைக்காரரிடம் நீட்டிவிடுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் யாழ்ப்பாண நகரவாசியானால், பழுதான பொருளை மறுநாளே வேறு கடையில் வாங்கி ஈடுசெய்துகொள்ளலாம். நெடுந்தீவில் அது நடவாது. குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் வந்து சேரும் சரக்கே அங்கே சரக்கு. காற்றுக் கடுத்தால் படகும் இல்லை. ஆதலால், வாங்குமுன் வாசித்தறிதல் தீவுவாசிக்கு அத்தியாவசியமான காரியமாகும்.

இவ்விஷயத்தில் கைத்தொலைபேசி செய்யக்கூடிய சகாயம் அற்பமானதன்று. படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டுவது ஒன்றே பலருக்குப் போதும். அதற்கு மேலும், ஆங்கிலத்தில் அச்சான எழுத்துக்களைத் தமிழாக்கிக் குரலில் சொல்லும் செயலிகளும் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும், பளபளக்கும் உறையிலும் வளைந்த தகரத்திலும் யந்திரத்தின் கண்ணும் தடுமாறும். மூன்றை எட்டென்று வாசித்துவிட்டு, சந்தேகத்தின் சாயலே இல்லாத குரலில் அதை அறிவிக்கும். 05.08 என்றிருந்தால் அது ஐந்தாம் மாதமா, எட்டாம் மாதமா என்பதை, பொருள் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அறிந்த மனிதரே தீர்மானிக்க வேண்டும்.

டென்மார்க்கில் ஹான்ஸ் யோர்கன் வீபெர்க் என்பவர் தொடங்கிய 'பீ மை ஐஸ்' என்னும் சேவை, 2015 முதல், பார்வையற்றோர் தொலைபேசியில் காட்டும் பொருளைத் தொலைவிலிருக்கும் தொண்டர் ஒருவர் பார்த்துச் சொல்லும் ஏற்பாட்டை நடத்திவருகிறது. நெடுந்தீவு உள்ளிட்ட நம் யாழ்ப்பாணத் தீவகத்து ஆச்சிமாருக்கு இது புதுமையே அன்று. யுத்தமும் இடப்பெயர்வும் பிள்ளைகளை ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் சிதறடித்தபின், மருந்துப் பெட்டியைப் போனுக்கு முன் பிடித்துப் பேரப்பிள்ளையிடம் கேட்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. எனினும் இங்கே கடை திறக்கும் காலைவேளையில் ரொறன்ரோவில் நள்ளிரவு. உறங்கும் பேரனை எழுப்பிப் பிஸ்கற்றில் சீனி எவ்வளவு என்று கேட்க எந்த ஆச்சிக்கும் மனம் வராது.

ஆகவே, முதியவர் ஒவ்வொருவரும் போனைக் கையாளக் கற்கட்டும் என்று உபதேசிப்பதைவிட, ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவு வரை தீவகத்தின் கூட்டுறவுச் சங்கக்கடைகள் ஒவ்வொன்றிலும் ஒரு போனை மேசையில் வைத்து, கேட்பவருக்குத் திகதியையும் விலையையும் உள்ளடக்கத்தையும் உரத்து வாசித்துக் காட்டும் கடமையை ஓர் ஊழியரிடம் ஒப்படைப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். தனியார் கடையில் இது கூடாது என்பதல்ல; தேங்கிய சரக்கை விற்றாக வேண்டியவரே அதன் திகதியையும் வாசிக்கும் சங்கடம் அங்கே உண்டு. கூட்டுறவுச் சங்கமோ அங்கத்தவர்களின் சொத்து. வாசிப்பவர் பிழைவிட்டால் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்க, அங்கத்தவராயிருக்கும் வாங்குபவருக்கே உரிமையுண்டு.

இவ்வளவு சொன்னாலும், பொடி எழுத்தில் அச்சிட்டவரின் குற்றத்தைத் தொலைபேசியின் தலையில் சுமத்தித் தப்பவிடுவது நியாயமாகாது. 2016 ஆகஸ்ட் முதல் நம் நாட்டில் குளிர்பானப் போத்தல்களுக்கு நிறக்குறி கட்டாயமாயிற்று: 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டால் செம்மஞ்சள். எழுத்தறியாதவரும் கண்ணாடியை மறந்து வந்தவரும் அறியக்கூடிய அந்த நிறக்குறி, சட்டம் மனம்வைத்தால் எவ்வளவு எளிதாக முதியோருக்கு வழிவிடலாம் என்பதற்குச் சாட்சி. தன் வியாபாரப் பெயரை உள்ளங்கை அகலத்தில் அச்சிட வல்ல உற்பத்தியாளர், காலாவதித் திகதியை மாதத்தின் பெயரோடு, மடிப்பில் மறைக்காமல், பொதியின் முகப்பில் விரல்நக உயரத்திலேனும் அச்சிட முடியாதென்றால் அதை நம்புவதற்கில்லை. சுகாதார அமைச்சும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் அவரிடம் அதைக் கேட்டே ஆகவேண்டும்.