மாற்றலாகிப் போகும் அறிவு

வருஷந்தோறும் செப்டம்பர் 5-ந் தேதி நம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்குச் சற்றுக் கூச்சமான நாள். மற்ற நாட்களில் நம்மைக் கண்டதும் சந்தில் புகுந்து மறையும் பிள்ளைகள், அன்று மட்டும் கையில் ரோஜாப்பூவுடன் வரிசையாக வந்து நிற்பார்கள். ஆசிரியர் தினம் அல்லவா? ஆனால் விருதுநகர் ஜில்லாவில், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில், அந்தத் தேதிக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 2012-ஆம் வருஷம் அதே தினத்தில் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். 70 பேருக்கு மேல் காயமுற்றனர்.

மாண்டவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளிகளே அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு, புகையைக் கண்டு, அக்கம்பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள். உள்ளே அகப்பட்டவர்களைத் தூக்கி விடலாம் என்று வந்தவர்கள் சிலர். என்னவென்று பார்க்க வந்தவர்கள் சிலர். அவர்கள் கூடி நின்ற வேளையில்தான் அடுத்த பெரிய வெடி வெடித்தது. விதிகளை மீறியதற்காக அந்த ஆலையின் லைசென்ஸ் முந்தின நாளே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று பிறகு பத்திரிகைகளில் படித்தோம். உத்தரவு பிறந்துவிட்டது, ஆனால் மறுநாள் ஆலையில் வேலை நடந்தது. காகிதத்தில் எழுதிய உத்தரவுக்கும் கதவில் விழவேண்டிய பூட்டுக்கும் நடுவே ஒரு நாள் தூரம் இருந்தது. அந்த ஒரு நாள் தூரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேச நினைக்கிறோம்.

போலீஸ் மேலதிகாரிகள் பதவிக்கு வந்த பிறகு என்ன கற்கிறார்கள், கற்றதை ஒருவருக்கொருவர் எப்படிச் சொல்லிக் கொள்கிறார்கள் என்பதெல்லாம் நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனாரோ மருந்துக் கொட்டகைக்குப் போகிறவர்கள். தூரத்தில் 'டும்' என்று ஒரு சத்தம் கேட்டால், பலகையில் எழுதிக் கொண்டிருக்கும் நம் கை நின்றுவிடும். திரும்பிப் பார்ப்போம். முப்பது முகங்களும் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். ஆகவே நமக்கு இது வீட்டு விஷயம்.

கற்றுக் கொள்வதைப் பற்றிச் சிவகாசிக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. மழை பொய்க்கும் பூமி இது. 1920-களின் தொடக்கத்தில் ஐய நாடார், சண்முக நாடார் என்ற உறவினர் இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். கற்று வந்ததைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் தொழிலைப் பிடித்துக் கொண்டார்கள். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு வந்தது. மத்தாப்பிலிருந்து பட்டாசு வந்தது. லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் வந்தது. ஓர் ஊர் உயர்வதற்கு இரண்டு காரியங்கள் வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். ஒருவன் போய்க் கற்று வரவேண்டும். கற்றதை அடுத்தவனிடம் ஒப்படைக்க வேண்டும். ஊரைக் காக்கும் இலாகாவுக்கும் இவ்விரண்டுமே வேண்டும். முதல் காரியம் நம் தேசத்தில் ஓரளவு நடந்திருக்கிறது. இரண்டாவதில்தான் குறை.

பயிற்சியும் சேதித் தொடர்பும் போதாத போலீஸினால் என்ன நேரும் என்பதையும் சிவகாசி பார்த்திருக்கிறது. சிவன் கோயிலில் நுழையும் உரிமை பற்றிய பிணக்கு சாதிப் பகையாக முற்றி, 1899-ஆம் வருஷம் ஜூன் 6-ந் தேதி ஆயிரக்கணக்கானோர் ஊரைத் தாக்கினார்கள். 800-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அது திடீரென்று வந்த இடி அல்ல. அதற்குப் பல வாரங்கள் முன்பிருந்தே சுற்றுக் கிராமங்களில் கொள்ளையும் தீவைப்பும் நடந்து கொண்டிருந்தன. சிவகாசிக்கு ஆபத்து என்ற பேச்சும் அடிபட்டுக் கொண்டிருந்தது. தெரிந்த சேதி, தடுக்கக் கூடிய பலமாக உரிய வேளையில் மாறவில்லை. பட்டாளம் வந்த பின்பே கலகம் ஓய்ந்தது.

1902-ல் கர்ஸான் பிரபுவின் சர்க்கார், ஆண்ட்ரூ பிரேஸர் தலைமையில் ஒரு போலீஸ் கமிஷனை நியமித்தது. தேசமெங்கும் போலீஸ் படையின் பயிற்சியும் அமைப்பும் போதாது என்று அந்தக் கமிஷன் ஒளிக்காமல் சொல்லிற்று. பயிற்சிப் பள்ளிகள், மாகாணந்தோறும் துப்புத் துலக்கும் இலாகா, இந்தியர்களுக்கு டெபுடி சூப்பரின்டென்டென்ட் உத்தியோகம் ஆகியவை அதன் சிபார்சுகள். அந்நிய ஆட்சி தன் பிடியை இறுக்கிக் கொள்ளவே இதில் அக்கறை காட்டியது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் பள்ளிக்கூடம் யார் கட்டினாலும் பள்ளிக்கூடமே.

சுதந்திரம் வந்த பின்பு நாமே கட்டினோம். 1948-ல் அபூ மலையில் உயர் போலீஸ் உத்தியோகஸ்தர்களுக்கான கல்லூரி தொடங்கிற்று. பிற்பாடு அது சர்தார் படேலின் பெயரைத் தாங்கி, 1975-ல் ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்தது. நம் ராஜ்யத்தில் வேலூர்க் கோட்டைக்குள் நெடுங்காலம் போலீஸ் பள்ளி நடந்தது. இப்போது வண்டலூருக்கு அருகே ஊனமாஞ்சேரியில் போலீஸ் அகாடமி இருக்கிறது. வேலையில் சேர்ந்து பல வருஷங்கள் கழிந்த அதிகாரிகளும் திரும்ப வகுப்புக்குப் போய் உட்கார வேண்டும் என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. தலைவர்கள் கூடிப் பேசுவதற்கும் குறைவில்லை. 1950 ஜனவரியில் சர்தார் படேல், சுதந்திர இந்தியாவின் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரல்கள் மகாநாட்டைப் புது டில்லியில் தொடங்கி வைத்தார். டில்லியிலேயே கூடி வந்த அந்த வருஷாந்தர மகாநாடு, 2014-ல் கௌஹாத்திக்குப் போனது. அது முதல் பல ஊர்களில் கூடியிருக்கிறது. இவையெல்லாம் நல்ல காரியங்கள்.

ஆனால் ஹைதராபாத்தில் பொழியும் மழை வெம்பக்கோட்டைக் கண்மாய்க்கு வருகிறதா? அதுதான் கேள்வி.

நமக்குத் தெரிந்த ஒரு ஸ்டேஷன் உண்டு. பெயர் வேண்டாம். அங்கே ஓர் ஏட்டையா இருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் பட்டாசு வட்டாரத்திலேயே பழகியவர். எந்த வீட்டுக் கொல்லையில் இரவில் சல்லடைச் சத்தம் கேட்டால் சந்தேகப்பட வேண்டும், எந்த ஆலை நாக்பூர் லைசென்ஸில் நடக்கிறது, எது யாருக்கு உள்குத்தகையாகக் கைமாறியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். கலந்த மருந்தை அன்றன்றைக்குத் தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைத்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானே சூடேறும் என்பதையும் அவர் அறிவார். ஆகவே ஆலைக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து மருந்து மிச்சம் இருக்கா?" என்பதுதான்.

கடற்கரை ஜில்லா ஒன்றிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் அங்கே மாற்றலாகி வந்தார். நல்ல மனிதர். வந்த முதல் வாரமே, "ஏட்டையா, எனக்கு இந்தத் தொழில் புதுசு. நீங்கதான் சொல்லித் தரணும்" என்று கேட்டார். அதிகாரத்தில் இருப்பவர் வாயிலிருந்து அத்தகைய வார்த்தை வருவது அபூர்வம். ஏட்டையா சொல்லச் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டார். எந்தப் பாதையில் தீயணைப்பு வண்டி திரும்பும், விபத்து நடந்தால் ஜனங்களை எவ்வளவு தூரத்தில் நிறுத்த வேண்டும், எந்த ஊரில் யார் சொன்னால் கூட்டம் கேட்கும் என்று பக்கம் பக்கமாகக் குறிப்புகள். ஒரு நாள் நம்மிடம் அந்த நோட்டைக் காட்டினார். நாம் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர்கள். நூற்றுக்கு நூறு போட்டிருப்போம்.

இரண்டு வருஷம் ஆயிற்று. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். அவருடைய டிரங்குப் பெட்டியோடு நோட்டும் போயிற்று. அது அவருடைய சொந்த நோட்டு. ஏட்டையாவும் பென்ஷன் வாங்கிக் கொண்டு பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் 'அ, ஆ'விலிருந்து தொடங்கினார். இதில் குற்றம் யாருடையது? தனி மனிதர் எவருடையதும் இல்லை. அந்த நோட்டை ஸ்டேஷன் சொத்தாக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இஷ்டத்துக்கு மாற்றல் செய்வது நிற்க வேண்டும் என்றுதான் 2006-ல் பிரகாஷ் சிங் என்ற ஓய்வு பெற்ற போலீஸ் தலைவர் தொடுத்த வழக்கில், ஜில்லா சூப்பரின்டென்டென்டும் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியும் குறைந்தது இரண்டு வருஷமாவது ஓரிடத்தில் இருக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது. நல்ல கட்டளை. ஆனால் இரண்டு வருஷத்தில் கற்றதை மூன்றாம் வருஷத்தில் யாரிடம் கொடுப்பது என்பதை இலாகாதான் தீர்மானிக்க வேண்டும். போலீஸ் ரிஜிஸ்தரில் இரண்டே இங்கிலீஷ் எழுத்தாக இருந்து தமிழிலேயே குடியேறிவிட்ட 'கேடி' ஒவ்வொருவனுக்கும் ஸ்டேஷனில் ஏடு உண்டு. அவன் தகப்பன் பெயர், மச்சான் ஊர், காதில் உள்ள தழும்பு வரையில் எழுதி வைத்திருப்பார்கள். கேடிக்கு உள்ள அந்த மரியாதை மருந்துக் கொட்டகைக்கும் வேண்டாமா? 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட விபத்தின் பின்னாலும் குத்தகை, உள்குத்தகை என்று கைமாறிய கதைதான் வெளிவந்தது.

எழுதி வைப்பது ஒரு பாதி. பேச விடுவது மறு பாதி. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தின் பெர்க்லி நகரில் ஆகஸ்டு வோல்மர் என்று ஒரு போலீஸ் தலைவர் இருந்தார். அதற்கு முன் அவர் தபால்காரர். பள்ளிப் படிப்பும் அதிகமில்லை. 1905-ல் நகரக் காவல் தலைமைக்கு வந்தவர், 1908-ல் தம் சேவகர்களுக்காகப் பள்ளிக்கூடமே தொடங்கினார். பிற்காலத்தில் சர்வகலாசாலைப் பேராசிரியராகவும் ஆனார். அவர் செய்த காரியங்களில் நமக்கு மிகவும் பிடித்தது வெள்ளிக்கிழமைக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் குறை சொல்லலாம், தலைவரையும் சொல்லலாம். மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

நம் ஜில்லாக்களிலும் மாதந்தோறும் குற்ற ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. பெரும்பாலும் அது கணக்கு ஒப்புவிக்கும் கூட்டம் என்று அதில் உட்கார்ந்து எழுந்தவர்களே நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை கேஸ், எத்தனை பாக்கி என்று மேலே இருப்பவர் கேட்பார். கீழே இருப்பவர் விறைத்து நின்று சொல்வார். "இந்த இடத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை" என்று எவரும் சொல்ல மாட்டார். தெரியவில்லை என்று சொல்ல முடியாத வகுப்பில் ஒரு பிள்ளையும் தேறாது. நம்முடைய இருபது வருஷ அநுபவம் இது.

கீழ் உத்தியோகஸ்தர் வாய் திறந்தால் கட்டுப்பாடு குலைந்துவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். சம்பவ ஸ்தலத்தில் தர்க்கம் கூடாதுதான். அங்கே ஓர் உத்தரவு, ஒரு குரல். அந்த ஒரு குரல் சரியான குரலாக இருக்க வேண்டுமானால், முன்னதாக ஓர் அறையில் பல குரல்கள் ஒலித்திருக்க வேண்டும். நம் பக்கத்து ஜில்லாவான தூத்துக்குடியில் 2018 மே 22-ந் தேதி நடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 பேர் மாண்டனர். அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷனின் அறிக்கை 2022-ல் சட்டசபையில் வைக்கப்பட்டது. உளவுப் பிரிவு முன்கூட்டியே எச்சரித்திருந்தது என்பதும், சம்பவ தினத்தில் அதிகாரிகளிடையே இணைந்த செயல் இல்லை என்பதும் அதில் கண்டவை. 1899-க்கும் 2018-க்கும் நடுவே தந்தி போய்க் கம்பியில்லாக் கருவி வந்தது, பிறகு கைக்குள் அடங்கும் டெலிபோன் வந்தது. கருவி மாறியும் கதை மாறவில்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிய பொருட்செலவு பிடிக்கும் திட்டம் அல்ல. மாற்றலாகிப் போகும் ஒவ்வோர் அதிகாரியும், சாவியையும் ரிஜிஸ்தரையும் ஒப்படைப்பதுபோல், தாம் கற்றதையும் எழுதி ஒப்படைக்கட்டும். வருகிறவர் அதைப் படித்துக் கையெழுத்திடட்டும். பட்டாசு வட்டாரத்து ஸ்டேஷன்களின் அதிகாரிகள், கோடை வெயில் ஏறுமுன் ஒரு முறையும், தீபாவளி வேலை சூடு பிடிக்குமுன் ஒரு முறையும், தீயணைப்புப் படையாரோடும் வெடிமருந்து இலாகாவோடும் ரெவின்யூ அதிகாரிகளோடும் ஒரே மேஜையில் உட்காரட்டும். விபத்து நடந்த வாரத்தில் கூட்டு ஆய்வுக் குழுக்கள் விறுவிறுப்பாகப் புறப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம். விபத்து நடவாத வாரத்திலும் அந்த விறுவிறுப்பு வேண்டும். ஒரு லைசென்ஸ் நிறுத்தப்பட்டால், அன்றே அந்தச் சேதி ஸ்டேஷனில் இருக்க வேண்டும். அன்றே கதவில் பூட்டு இருக்க வேண்டும். கூட்டத்தில், ஏட்டையா பேசுவதற்கென்று கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

சென்ற ஆசிரியர் தினத்தன்று, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நம்மிடம் ஒரு பேனா கொடுத்தான். அவன் தாயார் சரவெடிக்குத் திரி பின்னுகிறவள். "பேனாவில் என்னடா எழுத வேண்டும்?" என்று வேடிக்கையாகக் கேட்டோம். "உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுதுங்க, சார்" என்றான். போலீஸ் அதிகாரிகளுக்கு யாரும் ஆசிரியர் தினத்தில் பேனா கொடுப்பதில்லை. யாராவது கொடுத்தால் நல்லது என்று தோன்றுகிறது.